சிவப்பில் அடித்த மூன்று வரிகள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் அச்சில் பார்க்க நன்றாக இருக்காதாம், கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன் என்கிறாள். திருத்திக்கொள்ளட்டும். ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ அதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் பேசியதை டாக்டர் பேசிய மாதிரியே போடு, அப்போதுதான் அந்த ஆளுக்கு உறைக்கும் என்றேன். அவர் இதைப் படிக்கப் போகிறாரா என்ன, ஆனாலும் போடு.

படிக்கத் தெரியாதே தவிர, எது சிவப்பு எது கறுப்பு என்று எனக்குத் தெரியும். இந்தக் கதையில் அது போதும். என் மருமகளின் நெஞ்சுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு காகிதத்தில் சிவப்பாக எழுதியிருந்தது. படித்தவர்கள் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூற்றொன்றில் பிரேசர் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவுகிற வேலை. கண்ணாடிக் குழாய்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீளப் பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடைந்து, மூன்று தண்ணீர் அலசி, சூட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இங்கே ஒரு பொட்டு சோப்பு நின்றுவிட்டால் யாரோ ஒருவருக்கு இல்லாத வியாதி வந்துவிடும். அதனால் நான் கழுவிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வைக்கவே மாட்டேன். வீட்டில் டம்ளரைக்கூட அப்படித்தான் பார்ப்பேன், மருமகளுக்குக் கோபம் வரும். "அத்தே, இது டம்ளரு, ஆஸ்பத்திரி இல்ல" என்பாள்.

அந்தக் குழாய்களில் ஒன்று ஒன்றரைச் சாண் நீளம். அதில் ரத்தத்தை ஏற்றி, மரத் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிடுவார்கள். ரத்தம் மெதுவாகக் கீழே இறங்கும், மேலே தெளிந்த மஞ்சள் தண்ணீர் நிற்கும். சிலருக்கு விரல் நகம் அளவு இறங்கும். சிலருக்குச் சரசரவென்று இறங்கிவிடும். ஏன் என்று லேப் டாக்டரம்மாவைக் கேட்டேன். அந்த அம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசும்.

"ஒடம்புல எங்கியாவது புகைஞ்சிக்கினு இருந்தா சீக்கிரம் எறங்கிடும் ஆயா. எங்கேன்னு சொல்லாது. புகையுதுன்னு மட்டும் சொல்லும்."

இன்னொருவர் டைப் அடிக்கிற பெரியவர். ரிப்போர்ட் எல்லாம் அவர்தான் அடிப்பார். அவருடைய மெஷினில் ரிப்பன் மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு. எல்லாம் சரியாக இருந்தால் கறுப்பு. அளவுக்கு மேலேயோ கீழேயோ போய்விட்டால் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்னப் பிடியைத் தட்டுவார், 'டக்' என்று சத்தம் வரும், அந்த வரி சிவப்பில் விழும். பிறகு பிடியைச் சத்தமில்லாமல் திருப்பிவிடுவார், மறுபடி கறுப்பு. நான் பின்னால் குழாய் கழுவிக்கொண்டே அந்தச் சத்தத்தை எண்ணுவேன். யாரோ முகம் தெரியாத மனுஷருக்கு நாலு சிவப்பு, ஐந்து சிவப்பு என்றால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மாரியம்மனை நினைத்துக்கொள்வேன்.

நான் லேபில் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து மகனுக்கு ஆனேக்கல்லிலிருந்து பெண் எடுத்தோம். மகனுக்கு சிவாஜிநகரில் வெல்டிங் வேலை. பெண் பூசினாற்போல் உடம்பு, கலகலவென்ற சிரிப்பு, கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவாள். வந்த புதிதில் ஒரு விஷயம் கவனித்தேன். அவளுக்கு மாதா மாதம் தூரம் வருவதில்லை. நாலு மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

அதைப் பார்த்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? லேபில் வேலை பார்க்கிறவள்தானே. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். சந்தோஷப்பட்டேன்.

எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடி மாதம் பால்குடம் எடுப்போம். காப்புக் கட்டி ஒன்பது நாள் விரதம். நடுவில் தூரமாகிவிட்டால் குடத்தைத் தொடக் கூடாது. ஊர்வலத்தில் முன்னால் போகிற முதல் குடத்தை எடுக்கிறவள் கடைசி நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் சங்கடம். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கவலையிலேயே பூசாரி வீட்டம்மா இளைத்துப்போவாள். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒம் மருமகளுக்கு டேட்டு எப்ப?"

"அவளுக்கு இன்னா டேட்டு? நாலு மாசத்துக்கு ஒரு தபா. இப்பதான் போன மாசம் வந்துச்சு. இனி தீபாவளி கிட்டதான்."

"ஆத்தாவுக்குன்னே பொறந்திருக்கா பாரு. மொதக் கொடம் இனிமே அவளுதுதான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெருவில் ஐம்பது வீடு இருக்கிறது, முதல் குடம் என் வீட்டுக்கு. வருஷா வருஷம். அந்தப் பெண் மட்டும் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அத்தே, இது சரியில்லன்னு எங்கம்மா சொல்லும். ஒருக்கா டாக்டரம்மாகிட்ட காட்டலாமா?"

"ஒனக்கு இன்னா கொறச்சல்? மாசா மாசம் நாங்க பட்ட பாடு ஒனக்கு இல்ல. சும்மே இரு புள்ள."

சும்மே இரு என்று நான்தான் சொன்னேன். டாக்டர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பேத்தியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. அவள் கழுத்தைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே வந்தது, வெல்வெட்டுத் துணி மாதிரி. கவரிங் செயினின் சாயம் ஒட்டியிருக்கிறது என்று நான் செயினைக் கழற்றி எறியச் சொன்னேன். கடலை மாவும் பயத்த மாவும் போட்டு அவள் கழுத்தைக் குழாய் தேய்க்கிற மாதிரி தேய்த்திருக்கிறேன். போகவில்லை. சரியாகக் குளிக்க மாட்டேன் என்கிறாள் என்று அவளைத்தான் திட்டினேன். தாடையில் முடி வளர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து நூலால் பிடுங்குவாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவேன். அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. அப்போதுதான் எல்லோருக்கும் அவள் உடம்பு ஞாபகம் வந்தது. பிரசவ டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடு, ரத்தம் பார் என்றார்கள். ரத்தத்துக்கு எங்கள் லேப்தான். அவளை உட்காரவைத்து நானே கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் பெரியவர் டைப் அடித்தார். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணினேன். டக். கொஞ்சம் கழித்து டக். கறுப்புக்குப் போய் மறுபடி டக். மூன்று சிவப்பு.

"இன்னா சார் அது?"

"நான் சொல்லக் கூடாதும்மா. டாக்டர்கிட்ட காட்டு, அவங்க சொல்லுவாங்க."

பிரசவ டாக்டரம்மா எங்கள் ரிப்போர்ட்டை அப்படியே பின்னால் தள்ளிவிட்டு ஸ்கேன் படத்தை எடுத்தார். கருமுட்டைப் பையில் நீர்க்கட்டி, நிறைய, மாலை கோத்த மாதிரி என்றார். எனக்கு மாலையெல்லாம் புரியவில்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"டாக்டரம்மா, இதுல செவப்பு மூணு கீது."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கொழந்த."

ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலையிலும் ராத்திரியும். எடையைக் குறைக்கச் சொன்னார். அவளும் மாத்திரையைச் சாப்பிட்டு, தினமும் கோல்ஸ் பார்க் சுற்றி நடந்தாள். ஒரு வருஷத்துக்குள் மாதா மாதம் தூரம் வந்தது. அந்த ஆடியில் முதல் குடம் வேறு வீட்டுக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. அடுத்த வருஷம் இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவள் பிறந்தாள்.

இவள் பிறந்த நாற்பதாவது நாள் டாக்டரம்மாவிடம் போனபோது ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னார்களே, அப்புறம் வந்துவிட்டதே என்று. அவர் குழந்தையைத்தான் பார்த்தார். "ஏன் கவலப்படறீங்க, அழகா ஒரு கொழந்த வந்தாச்சு. எல்லாம் தானா சரியாயிடும்" என்றார். மாத்திரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்று கொடுத்த மாத்திரை, பிள்ளை வந்தாகிவிட்டது, இனி எதற்கு என்று நானே நிறுத்தினேன். ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு இருக்கிற பிஸ்கட் டப்பாவில் அடியில் போட்டேன். நடையும் நின்றது. பழையபடி நாலு மாதத்துக்கு ஒரு தரம் ஆனது. முதல் குடம் திரும்பி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பூசாரி வீட்டம்மாவைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

பேத்திக்கு நாலு வயசு ஆகும்போது மருமகளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதுகு நடுவில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். சில நாள் தாடை வலிக்கும், பல்வலி என்று கிராம்பு வைத்துக்கொள்வாள். தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இங்கே என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது நெஞ்சில் பிடித்துக்கொண்டது. இதே கிளினிக், இதே டாக்டர். ஆம்பளை, நெஞ்சு என்று சொன்னதுதான் தாமதம், மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உடனே ஈசிஜி எடு, ஆட்டோவில் போ, நடக்கக் கூடாது என்று ஒரே அமர்க்களம். கடைசியில் தசைப் பிடிப்பு. தைலம் தேய்த்தோம், போய்விட்டது.

இப்போது அதே டாக்டர் முன்னால் என் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

"ஏனம்மா, வீட்ல டென்ஷனா? அத்த தொந்தரவு குடுக்கறாங்களா?"

"நான்தான் சார் அத்த" என்றேன்.

"ஓ, ஹௌதா, அப்படியா" என்று பேனாவை மூடித் திறந்தார். "கேஸ் அம்மா. டைமுக்குச் சாப்பிடல, அதுக்குத்தான். கடல, உருளக்கெழங்கு ஜாஸ்தி வேண்டாம்."

சிவப்பாக ஒரு மருந்து, பாட்டிலைக் குலுக்கிக் குடிக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வலி, மறுபடி போனோம். என் மகனுக்கு எடுத்த மாதிரி அந்த ஈசிஜி எடுத்துப் பார்த்தால் என்ன சார் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆயா, நீ லேப்ல கெலச பண்ணி டாக்டரே ஆயிட்ட. லேடீஸ்க்கு இந்த வயசுல ஹார்ட்டெல்லாம் வராது. ஒடம்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். வாயக் கட்டச் சொல்லு."

இன்னொரு பாட்டில் சிவப்பு மருந்து. வீட்டுக்கு வருகிற வழியில் அந்தப் பெண் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். வாயைக் கட்டச் சொன்னதில் தலை குனிந்துவிட்டது. என்னைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறவள் அவள். அதை அங்கேயே சொல்லாமல் வந்துவிட்டேன். டாக்டர் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த வாரம் ஆடித் திருவிழா. எட்டு நாள் விரதம் இருந்து ஒன்பதாவது நாள் காலை, மஞ்சள் புடவை, தலையில் குடம், அவள் முன்னால் போகிறாள், பின்னால் முப்பது குடம், பம்பை அடிக்கிறார்கள். எங்கள் தெரு கோயில் பக்கம் மேடு. பாதி மேட்டில் அவள் நின்றுவிட்டாள். குடத்தை ஒரு கை பிடித்திருக்கிறது, இன்னொரு கை யார் வீட்டு கேட்டையோ பிடித்திருக்கிறது. முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை. உடம்பு தள்ளாடுகிறது. மூச்சு புஸ் புஸ் என்று வருகிறது.

பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? "ஆத்தா எறங்கிட்டா" என்று ஒருத்தி கத்தினாள். குலவை போட்டார்கள். பம்பைக்காரர்கள் அவளைச் சுற்றி நின்று வேகமாக அடித்தார்கள். குடத்தை ஒருத்தி வாங்கிக்கொள்ள, பூசாரி வீட்டம்மா ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றிக் கையில் வேப்பிலையைத் திணித்தாள். பக்கத்து வீட்டுக்காரி காலில் விழுந்து, "ஆத்தா, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும், ஒரு வாக்குச் சொல்லு" என்கிறாள். நான் எங்கே இருந்தேன்? கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். ஏழு வருஷம் முதல் குடம் எடுத்தவள், ஒரு நாள் அம்மன் வராமலா போவாள் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர்.

"தண்ணி" என்றாள்.

"ஆத்தா தண்ணி கேக்கறா, இன்னும் ஊத்துங்க" என்றார்கள். இன்னும் ஒரு சொம்பு ஊற்றினார்கள்.

அவள் என்னைத் தேடினாள். நான் கிட்டே போனதும் என் கழுத்தைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்.

"அத்தே, சாமி இல்ல. நெஞ்சு."

அந்தப் பம்பைச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. "நிறுத்துங்கடா" என்று நான் போட்ட சத்தத்தில் என் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. பம்பை நின்றது. அவளை அந்த வீட்டு வாசற்படியில் சாய்த்து உட்காரவைத்தேன். விசிறச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டது. பூசாரி வீட்டம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "வந்த ஆத்தாவ அனுப்பிட்டியே அக்கா" என்றாள்.

ஈர மஞ்சள் புடவையோடு அவளை ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் வீட்டில் நிறுத்தி, பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். கிளினிக்குக்குப் போகவில்லை. நேரே எங்கள் லேப்.

லேபில் அதற்குள் கம்ப்யூட்டர் வந்திருந்தது, ஆனால் பெரியவர் இருந்தார். காகிதத்தை அவர் முன்னால் போட்டேன்.

"நீங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க சார். ஆறு வருஷமா யாரும் சொல்லல. இப்பவாச்சும் சொல்லுங்க, இந்த மூணு செவப்பு இன்னா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். தான் அடித்த எழுத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தார். "மொத வரி வெறும் வயித்துச் சக்கர. ரெண்டாவது ரத்தத்துல கொழுப்பு. மூணாவது, நீ கழுவற அந்த நீளக் கொழா" என்றார்.

நான் கழுவுகிற குழாய். அவளுடைய ரத்தம் இறங்கிய குழாயையும் அன்றைக்கு நான்தானே கழுவி வைத்திருப்பேன்.

லேப் டாக்டரம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து வந்து பேசினார். மருமகளைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் ஒரு இதய டாக்டருக்குப் போன் போட்டு, மத்தியானமே பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ரத்தமும் எடுத்தார். நீளக் குழாயைத் தாங்கியில் நிறுத்தினார்கள். வேறு வேலை எதுவும் ஓடாமல் நான் அதற்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பதின்மூன்று வருஷமாக எத்தனையோ பேருடைய ரத்தம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இறங்காதே என்று ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக் கெஞ்சினேன். அது அது பாட்டுக்கு இறங்கியது.

"இப்பவும் புகையுதா?" என்றேன்.

"ம். காய்ச்சல் இல்ல, புண்ணு இல்ல, ஆனாலும் எறங்குது" என்றார் டாக்டரம்மா. பிறகு மருமகளுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னார். "இந்த நீர்க்கட்டி நோவு கொழந்த விஷயத்தோட நிக்கறதில்ல. ஒடம்பு சக்கரையச் சரியா எடுத்துக்கறதில்ல. கொழுப்பு ஏறுது. ரத்தக் கொழாய்ங்களோட உள்பக்கம் மெல்ல மெல்ல வீங்கிப் புண்ணாவுது, வெளிய தெரியாது. எல்லாருக்கும் இப்படி ஆவும்னு இல்ல. ஆனா பாத்துக்கினே இருக்கணும். கழுத்துல இந்தக் கறுப்பு இருக்கே, அதுவும் அந்தச் சக்கரையோட வேலதான்."

"நான் செயினு சாயம்னு தூக்கி எறியச் சொன்னேன்" என்றேன்.

"நல்ல செயினு அத்தே அது" என்றாள் மருமகள், படுத்தபடியே. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும்.

"டாக்டரம்மா, அந்த மாத்திரைய நிறுத்துனது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். "புள்ள மாத்திரைன்னு நெனச்சேன்."

"அது புள்ளைக்கு மாத்திரம் இல்ல ஆயா. உங்கிட்ட யாராவது அப்படிச் சொன்னாங்களா? சொல்லல. அப்ப ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் இல்லை. அவள் வாயைத் திறந்து கேட்டபோது சும்மே இரு என்றது நான்தானே.

இதய டாக்டர் ஒரு வாரம் மருந்து கொடுத்தபிறகு, மெஷின் மேல் நடக்கவைத்துப் பார்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு வருகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள். புடவையோடு வந்துவிட்டாளே என்று அங்கே இருந்த ஆள் விழித்தார். அவள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, பால்குடத்துக்கு நடக்கிற மாதிரி நேராக நிமிர்ந்து நடந்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு கையில் ஒரு ஊசிக் குழாய் விட்டுப் படம் பிடித்தார்கள். இதயத்துக்குப் போகிற ஒரு குழாய் குறுகிப் போயிருந்தது. இன்னும் அடைக்கவில்லை, மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இனி விடவே கூடாது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் கேஸ் மருந்து குடித்துக்கொண்டு இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, மருமகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் படத்தின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். இந்தத் தடவை நாக்கு எழுந்தது.

"சார், எம் புள்ள சிலிண்டர் தூக்கி நெஞ்சு புடிச்சப்ப நீங்க சேர்லருந்து எழுந்து நின்னீங்க. எம் மருமகளுக்கு நாக்க நீட்டச் சொன்னீங்க. நெஞ்சு ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் கீது."

அவர் காகிதத்தைப் படித்தார். முகம் மாறியது. "நோடம்மா, லேடீஸ்க்கு வேற மாதிரி வலி வருது, நமக்குக் கண்டுபிடிக்கறது கஷ்டம்" என்றார்.

"கஷ்டம்னா கேட்டுப் பாக்கணும் சார். நான் கேட்டதுக்கு நீங்க சிரிச்சீங்க."

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்துவந்தேன்.

பழைய வெள்ளை மாத்திரை திரும்பி வந்தது, கூட இன்னும் மூன்று. காலையில் நான் வேலைக்குப் போகிற முன்னால் இரண்டு பேரும் நடப்போம், அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. முதலில் ஒரு சுற்றுக்கே உட்கார்ந்துவிட்டவள், மெல்ல மெல்ல மூன்று சுற்று, நாலு சுற்று ஆனாள். நான் பின்னால் போனேன். தூரம் மாதா மாதம் வர ஆரம்பித்தது.

அடுத்த ஆடி வந்தது. பூசாரி வீட்டம்மா வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"மொதக் கொடம் அக்கா. போன வருஷம் ஆத்தா எறங்குன ஒடம்பு. வேற யாருக்குக் குடுக்கறது?"

"அவளால முடியாது. ஒன்பதாம் நாளுக்கு அவளுக்கு டேட்டு" என்றேன். சொல்லும்போதே எனக்கு வாயெல்லாம் பல்.

"அட, மாசா மாசம் வருதா? அப்ப அடுத்த புள்ளைக்கு ரெடி பண்றீங்க."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "எல்லாருக்கும் அந்த ஒரே எடந்தானா கண்ணுல படுது? புள்ளைக்கு இல்லடி. அவ நெஞ்சுக்கு. நெஞ்சு, நெஞ்சு" என்று என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப கொடத்த யாரு எடுக்கறது?"

"நான் எடுக்கறேன். எனக்குத்தான் எல்லாம் நின்னுபோச்சே. எந்த மாசம் வேணாலும் கூப்டு."

எடுத்தேன். ஒன்பது நாள் விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டி, முதல் குடம் எடுத்தேன். மேடு ஏறும்போது குடம் ஆடி ஆடிப் பாதிப் பால் என் தோளில். பம்பைக்காரர்கள் ஆத்தா வருகிறாளோ என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் முறைத்தேன், அவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டு அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. மருமகள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு இருக்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா அத்தே, மூச்சு வாங்குதா? கேஸு. அந்தச் செவப்பு மருந்து ரெண்டாவது பாட்டிலு மீதி கீது, குலுக்கி ஊத்தட்டா?"

"வாயக் கட்டுடி."

"கட்டச் சொன்னாரே டாக்டரு, நான் கட்டிட்டேன். நீங்கதான் கட்டணும்."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்து பால் தெறித்த என் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே என் தாடையைத் தொட்டுப் பார்த்து, இங்கே வலிக்கிறதா என்று கேட்டாள். முதுகில் கட்டை விரலை வைத்து, இங்கே என்றாள். இல்லையடி, கிழவிக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்காதா என்றேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை நடக்கப் போகாமல் என்னைக் கையைப் பிடித்து லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கழுவி வைத்த நீளக் குழாயிலேயே என் ரத்தத்தை ஏற்றி நிறுத்தச் சொல்லி, அதே முக்காலியில் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.